கோயிலடிச் சந்தியும் நேர் ஹான்டிலும்

ரவுணுக்குள், நகர நெரிசலில், சைக்கிள் ஓடும் பிள்ளைக்கு எந்த ஹான்டில் நல்லது: நேரானதா, உயர்ந்து வளைந்து ஓடுபவர் பக்கம் வருவதா? மகளுக்குச் சைக்கிள் பார்க்கத் தொடங்கி மூன்று கிழமையாகிறது. கடையில் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

பதின்மூன்று வயதில் எனக்கு இந்தச் சந்தேகம் துளியும் இருக்கவில்லை. நேர் ஹான்டில்தான். உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போக அம்மா அப்போதுதான் சம்மதித்திருந்தார். "ஒருக்கா விழுந்தியெண்டாலும் பிறகு பஸ்தான்" என்பது நிபந்தனை. என் சைக்கிளுக்கோ வளைந்த ஹான்டில். அதைப் பிடித்து நிமிர்ந்து போவது ரீச்சர்மாரின் பழக்கம் என்று பட்டது. சைக்கிள் திருத்தத் தெரிந்த மாமாவை, அம்மாவின் தம்பியை, நச்சரித்து நேர் ஹான்டில் பூட்டுவித்தேன்.

"ரவுணுக்குள்ள உது சரிவராது பிள்ளை. முழுப் பாரமும் கையிலைதான் நிக்கும்."

"எனக்குக் கை இருக்குத்தானே மாமா."

"ஓம், வாயும் இருக்கு."

முதல் நாள் மாமா தன் சைக்கிளில் பின்னால் வந்தார். குனிந்தபடி பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் இடையில் நன்றாகத்தான் போனேன். ரவுணுக்குள் நுழையும் சந்தியில் பிள்ளையார் கோயில். கோயிலைக் கண்டால் வலக்கை தானாக எழுந்து நெஞ்சைத் தொடும். பழைய ஹான்டிலில் நிமிர்ந்திருப்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. அன்று கையை எடுத்ததும் பாரம் முழுவதும் இடக்கையில் இறங்கி, ஹான்டில் வெட்டித் திரும்பியது. தேங்காய் உடைக்கும் கல்லடியில் கிடந்தேன்.

"கும்பிடச் சொன்னா விழுந்தே கும்பிடுறியோ? எழும்பு" என்றார் மாமா.

பின்னேரமே நேர் ஹான்டிலைக் கழற்றிப் பழையதைப் பூட்டினார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "உந்தச் சைக்கிளுக்கு அது எடுப்பா இல்லை அக்கா" என்றார். முழங்கைக் காயத்தை நீளக்கைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, நான் ஒரு மாதம் அவருடன் கதைக்கவில்லை. என் ஹான்டிலைப் பறித்தவர் என்பது மட்டுமே தெரிந்தது. மறுநாளும் பஸ்ஸில் அல்ல, சைக்கிளில்தான் போனேன் என்பது ஏனோ மண்டையில் ஏறவில்லை.

இப்போது மகளும் நேர் ஹான்டில்தான் கேட்கிறாள். கோயிலைக் கண்டால் அவளும் கையை எடுப்பாள். ஆகவே வளைந்ததுதான் என்று கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டேன். ரவுணில் நாளும் ஓடுபவர்களே, சரிதானா? இன்னொன்று. விழுந்தால் பஸ்தான் என்று நானும் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருநாள் அவள் நீளக்கைச் சட்டையோடு வந்து நின்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள்.