மல்லா வீட்டுக் கதவில் ஒட்டிய அழைப்பாணை

தில்மான் புன் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அழைப்பாணைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். இருபத்தாறு வருடமாக அந்த ஒரே வேலை. வழக்குப் போட்டவர் ஒரு மலையில் இருப்பார், எதிராளி மூன்று மலை தள்ளி இருப்பார், இடையில் தில்மான் அண்ணன் நடப்பார். நாய்க்கடி மட்டும் பதினொன்று. "இது எல்லைத் தகராறு, இது விவாகரத்து" என்று முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு தழும்பாகக் காட்டுவார்.

நான் அங்கே பதிவேட்டு எழுத்தர். அவர் எழுதித் தரும் அறிக்கைகளை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆனால் அதில் ஒரு பொய்யை நான் பார்த்ததில்லை.

தேர்தல் நாளில் சிம்லேபானி வாக்குச்சாவடியில் ஓட்டுப் பெட்டியைப் பிடுங்க வந்தவர்களிடம் அதைத் தர மறுத்த பள்ளி ஆசிரியர் டீகாராம் கிமிரேயை அடித்தே கொன்றார்கள். அடித்த நான்கு பேர் பிடிபட்டார்கள். அவர்களை ஏவிவிட்டவர் வேட்பாளர் திர்கவீர் மல்லா என்று ஆசிரியரின் மனைவி கல்பனா எழுதிக் கொடுத்தார். நால்வரில் ஒருவனும் அதையே சொன்னான். அந்தத் தேர்தலில் மல்லா ஜெயித்தார், அமைச்சரும் ஆனார். ஆனதும் முதல் வேலையாக, அவர் பெயரை அரசு வழக்கிலிருந்து விலக்கிக்கொள்வதாகத் தலைநகரிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது.

எங்கள் நீதிபதி யுவராஜ் லம்சால் அதிகம் பேசாதவர். மதியம் தன் அறையிலேயே அவலும் தயிரும் சாப்பிட்டுவிட்டுக் கோப்பைப் பிரித்துவிடுவார். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தட்டச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் உத்தரவைச் சொன்னார். விலக்கிக்கொள்ள அனுமதி இல்லை. திர்கவீர் மல்லா முப்பது நாட்களுக்குள் ஆஜராக வேண்டும்.

தட்டச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. "ஐயா, மாண்புமிகு அமைச்சர்னு போடணுமா?"

"தாத்தா பேர், அப்பா பேர், வயசு, ஊர். எல்லாருக்கும் போடற மாதிரிதான்."

காகிதம் தில்மான் அண்ணன் கைக்கு வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சபித்ரா, இது நெசமாவே நம்ம முத்திரைதானா?" என்று கேட்டார்.

மல்லா வீட்டுக்கு முதல் முறை போனபோது வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அமைச்சர் தலைநகரில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை அமைச்சரின் தம்பி உத்தவ் அவரை உள்ளே கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்தார். பால் தேநீர் வந்தது.

"தில்மான் அண்ணே, வீட்டைக் கண்டுபிடிக்க முடியலன்னு ஒரு வரி எழுதிடுங்க. போதும்."

"இந்த வீட்டையா?"

மூன்று மாடி, இளஞ்சிவப்பு வண்ணம். எதிர்மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"இந்த வீட்டைத்தான். உங்க பொண்ணு நர்ஸ் படிப்பு முடிச்சிருக்காளாமே. அதையும் பார்த்துக்கலாம்."

"பஸ்காரன் 'மல்லா வீடு இறங்கு'ன்னு கத்தித்தான் என்னை இங்க இறக்கிவிட்டான் தம்பி. இதைக் கண்டுபிடிக்கலன்னு எழுதினா, இத்தனை வருஷமா நான் கண்டுபிடிச்ச வீடெல்லாம் பொய்யாயிடும்."

உத்தவ் சிரித்தார். "முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன். கர்ணாலிப் பக்கம் மாத்திட்டாங்கன்னா ரொம்ப ஏறணுமேண்ணே."

அன்று அலுவலகத்துக்குத் திரும்பியவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பைக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

ஆள் கிடைக்காமல், வீட்டாரும் வாங்க மறுத்தால், அழைப்பாணையைக் கதவில் ஒட்டலாம். அதற்கு வார்டு உறுப்பினர் ஒருவரும் அக்கம்பக்கத்தார் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர், எல்லோருமே மல்லாவின் கட்சி. தலைவருக்குத் திடீரென்று காய்ச்சல். ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொருவர் வயிற்றுவலி என்று போர்வைக்குள் படுத்திருந்தார். நான்காமவர் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டார், அவருடைய தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது.

ஐந்தாவது ஆள் மன்சரா பரியார். ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் கட்சி அவர் பெயரைப் போட்டிருந்தது. பேருந்து நிலையத்தின் எதிரே தையல் இயந்திரம் போட்டிருந்தார். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்பவர்கள் அவர் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார்கள்.

தில்மான் அண்ணன் அங்கே போய் விஷயத்தைச் சொன்னார். மன்சரா இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"கூட்டத்துல நான் எங்க உட்காருவேன் தெரியுமாண்ணே? கதவுக்கிட்ட. எல்லாம் முடிஞ்சப்புறம் புத்தகம் என்கிட்ட வரும், கையெழுத்துப் போடுவேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிச்சுக் காட்டினதில்ல."

"நான் படிச்சுக் காட்டறேன் தங்கச்சி."

முழுவதையும் படித்தார். டீகாராம் கிமிரே என்ற பெயர் வந்தபோது இயந்திரம் நின்றது.

"எம் பொண்ணை முன்பெஞ்சில உட்காரவச்ச வாத்தியார்" என்றார் மன்சரா. "மத்த பிள்ளைங்க வீட்லேருந்து சண்டைக்கு வந்தாங்க. அப்பவும் அவளைப் பின்னாடி அனுப்பல." நூலைக் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு. எல்லாரும் பார்க்கட்டும்."

மறுநாள் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். சேதி அதற்குள் பரவியிருந்தது. கதவின் முன் கட்சிக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். தில்மான் அண்ணன் காலை விந்தி விந்தி நடந்து வந்தார். பக்கத்தில் மன்சரா, திருவிழாவுக்குக் கட்டும் சிவப்புப் புடவையில்.

"என்ன மன்சரா, அளவெடுக்க வந்தியா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது.

"ஆமா, கதவுக்கு" என்றார் அவர்.

காவல் போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். தில்மான் அண்ணன் காகிதத்தை அவர் முகத்தருகே பிடித்தார். போலீஸ்காரர் முத்திரையைப் பார்த்தார். திரும்பி உத்தவைப் பார்த்தார். மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரடி விலகி நின்றார். அந்த முத்திரைக் கட்டையை நான் தினமும் மையில் தோய்த்துக் குத்துகிறேன். ரப்பர் தேய்ந்து ஓரம் பிய்ந்த கட்டை. அது துப்பாக்கி வைத்திருந்த ஒருவரை நகரவைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காகிதம் கதவில் ஏறியது. "ஒட்டிட்டுப் போங்க, அடுத்த நிமிஷம் கிழிச்சிடுவோம்" என்றார் உத்தவ்.

"கிழிச்சுக்கோங்க தம்பி. ஒட்டியாச்சுன்னுதான் நான் எழுதணும்." தில்மான் அண்ணன் அறிக்கையை விரித்தார். மன்சரா தன் முழுப் பெயரையும், கீழே 'வார்டு உறுப்பினர்' என்றும் நிதானமாக எழுதினார். அண்ணன் தெருவைப் பார்த்துத் திரும்பினார். "அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சி வேணும்."

யாரும் அசையவில்லை. அவர் அப்படியே நின்றார்.

எதிர்க்கடையில் மோமோ வேகவைத்துக்கொண்டிருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அவள் பெயர் புல்மதி, அதுவரை அரசியல் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற சிப்பாய் கேசர் குருங் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அடுத்து மருந்துக்கடைக்காரர். அப்புறம் இன்னும் நான்கு பேர்.

"இடம் ரெண்டு பேருக்குத்தான் இருக்கு" என்றார் தில்மான் அண்ணன்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?" என்றார் கேசர் குருங்.

ஏழு பேர் போட்டார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் நீதிபதி லம்சாலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு பெட்டியோடு காலைப் பேருந்தில் போய்விட்டார். புதிதாக வந்தவர் இளையவர். உத்தரவைப் புரட்டிப் போடத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். கோப்பை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அறிக்கையின் பின்பக்கத்தில் அவர் கண் வெகுநேரம் நின்றது.

"இதுல நான் மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

முப்பதாம் நாள் நான்கு ஜீப்புகளில் மல்லா வந்தார். வளாகம் முழுக்கக் கோஷம். தில்மான் அண்ணன் வாசலில் நின்று, பட்டம் பதவி எதுவும் சேர்க்காமல் அந்தப் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். கோஷம் அடங்கியது. மல்லா தனியாக உள்ளே வந்து, இடுப்பளவு உயர மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்றார். அவ்வளவு பெரிய மனிதர், பக்கத்தில் பார்த்தால் என் உயரம்தான்.

"பேர்?" என்றார் இளைய நீதிபதி.

மல்லா சொன்னார்.

"அப்பா பேர்?"

அதையும் சொன்னார்.

அடுத்த மாதமே தில்மான் அண்ணனைக் கர்ணாலிக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அந்த மலைகளில்தான் ஏறி இறங்கினார். மன்சராவுக்குக் கட்சி மறுபடி இடம் தரவில்லை. தனியாக நின்று பத்தொன்பது ஓட்டில் தோற்றார். வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. அதற்குள் தலைநகரில் மூன்று முறை ஆட்சி மாறியது. மல்லாவுக்கு ஆறு வருடத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் அது நான்காகக் குறைந்தது.

தீர்ப்பு சொன்ன அன்று ஆசிரியரின் மனைவி கல்பனா அழவில்லை. என் மேசைக்கு வந்து, தீர்ப்பு நகலோடு அந்த அறிக்கையின் நகலும் வேண்டும் என்றார்.

"ரெண்டு பக்கமும் வேணும்மா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். இவர் வீடு எது, இவர் வீடு எது என்று கேட்டுக்கொண்டார். மன்சராவின் வீட்டில் தொடங்கி இரண்டு நாளில் எட்டு வீடுகளுக்கும் போய்வந்தார் என்று பிற்பாடு புல்மதி சொன்னாள். வந்து என்ன பேசினார் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்து ஒரு தட்டு மோமோ சாப்பிட்டுவிட்டுப் போனார் என்றாள்.