தளவாய் முகம் திருப்பிய படம்

பழவங்காடியில் தளவாயின் கடைக்கு வருகிறவர்கள் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: வீடியோ போனில் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அவர் அதைச் சுருக்கி, பழைய மெஷினுக்குத் தோதாக மாற்றி, சிடியில் ஏற்றித் தருவார். காலாவதியான கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் ஆபீஸ்களுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன?

அடுத்தவர் வீட்டுப் படத்தை அவர் பார்க்க மாட்டார். தொடக்கம் ஓடுகிறதா என்று பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடை அடைக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அதனாலேயே பெண்கள் நம்பி வந்தார்கள்.

செண்பகவல்லியும் அப்படித்தான் வந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். கணவன் ராஜமணி சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். இடுப்பில் கட்டியிருந்த கயிறு இற்றுப்போய் அறுந்திருந்தது. அவன் கயிறே கட்டவில்லை, தப்பு அவன்மேல்தான் என்று காண்ட்ராக்டர் சாதித்தார். கூட வேலை செய்தவன் விளையாட்டாக எடுத்த வீடியோவில் கயிறு அறுவது தெளிவாகத் தெரிந்தது. அதை அவளுக்கு அனுப்பிவிட்டு, பயந்துபோய்த் தன்னிடம் இருந்ததை அவன் அழித்துவிட்டான். விசாரணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. போனில் காட்டுகிறேன் என்றாள். ஃபைலில் சேர்க்க சிடிதான் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கிழட்டு மெஷின் திணறக்கூடாதென்று தளவாய் படத்தை ரொம்பவே சுருக்கினார். தொடக்கம் ஓடியது. ஒரு மனிதன் சாவதை யார் பார்ப்பது? முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் மீனு போனை எடுத்து எடுத்துப் பார்த்து அழுகிறாள், அதில் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று செண்பகவல்லி கேட்டாள். சிடி இருக்கிறதே என்று அதையும் அவரே அழித்தார். நல்ல மனசுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

மாதங்கள் கழித்து விசாரணை நடந்தது. முடிந்ததும் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். கத்தவில்லை.

"படம் நல்லா ஓடிச்சுண்ணே. கயிறு எவிடேன்னு சார் கேட்டாரு. எனக்கும் காணல."

அவள் திரும்ப வாங்கி வந்திருந்த சிடியைத் தளவாய் போட்டு முதல்முறையாக முழுவதும் பார்த்தார். சட்டை தெரிந்தது, சாரம் தெரிந்தது. மெல்லிய நைலான் கயிறு மட்டும் சுருக்கியதில் கரைந்து போயிருந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வந்தது. அழித்ததை மீட்கவும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் அதற்குள் எத்தனையோ கல்யாண வீடியோக்கள் ஏறிவிட்டன. போனிலும் தேடினார், கிடைக்கவில்லை.

"முதல்ல இருந்தது இனி வராதாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் படத்தை மறுபடியும் ஓடவிட்டார். கயிறு கட்டாத ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தான்.