குறுக்கே வெட்டிய லயம்

கண்ணை மூடினால் எனக்கு இருட்டு வருவதில்லை. படம் வருகிறது. அதை வரம் என்று சிலர் சொன்னார்கள். சில காலம் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட நாட்கள் அவை. அங்கிருந்து பதுளைக்கு மாட்டுவண்டி. பதுளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவரவர் கால். தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது பெருமைப்பட்டுக்கொள்ளும்.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மாலையானால் விறகு எரியும். கங்காணி நாற்காலி போட்டு உட்காருவார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைக் கூட்டிவந்தவர் அவர். எங்கள் வேலை, வீடு, நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவருக்குக் கணக்குப் புதிர் என்றால் வெற்றிலை மாதிரி, மென்றுகொண்டே இருக்கவேண்டும்.

"பத்துச் சாண் கம்பம். அதுல ஒரு அட்டை. பகல்ல மூணு சாண் ஏறும், ராத்திரி ரெண்டு சாண் வழுக்கும். எத்தனையாம் நாளு உச்சிக்குப் போகும்? சொல்லுங்கடா."

"பத்தாம் நாளுங்க. ஒரு நாளைக்கு ஒரு சாண் தானுங்களே மிச்சம்."

எல்லோரும் பத்து என்றார்கள். நான் கண்ணை மூடினேன். எனக்கு மூன்றும் தெரியவில்லை, இரண்டும் தெரியவில்லை. அட்டை தெரிந்தது. மழைக்காலத்தில் கணுக்காலில் அதைச் சுமந்து திரிந்தவனுக்குத் தெரியாதா அதன் நடை? நூலாக நீண்டு, உருண்டையாகச் சுருங்கி, மறுபடி நூலாக நீண்டு ஏழாவது சாணிலிருந்து அது எட்டிப் பார்த்தபோது தலை உச்சியில் பட்டுவிட்டது.

"எட்டாம் நாளுங்க."

"எப்புடிடா?"

"ஏறி முடிச்ச அட்டை எதுக்குங்க வழுக்கணும்? அது பாட்டுக்கு மேல உக்காந்து, எவன் காலு வருதுன்னு பாத்துக்கிட்டு இருக்கும்."

"கங்காணி மாதிரி" என்று பின்னால் இருட்டில் ஒருவன் முணுமுணுத்தான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கங்காணி காதில் விழாதவர்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒற்றை ஓடத்தில், ஒரு தடவைக்கு ஒன்றாக, ஆறு தாண்டிக் கொண்டுபோகிற கணக்கையும் அவர்தான் போட்டார். விட்டுப்போனால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். வாயால் கணக்குப் போட்டவர்கள் பாதி ஆற்றில் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் எங்கள் பக்கத்து ஆறான பதுளு ஓயாவைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன். ஆட்டை அக்கரையில் விட்டேன். புலியைக் கொண்டுபோனேன். இரண்டையும் சேர்த்துவைக்க முடியாது என்பதை எனக்குச் சொன்னது கணக்கல்ல, ஆட்டின் கண். அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு இக்கரைக்கே வந்தேன். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் வியப்பென்ன. எங்களை ஏற்றிவந்த ஓடம் எதைத் திருப்பிக் கொண்டுபோயிற்று?

அன்றிலிருந்து எனக்குக் 'கண்ணை மூடிக் கணக்குப் போடுறவன்' என்று பேராயிற்று. கூலியாள் ஒருவனுக்குக் கங்காணி பட்டப்பேர் வைத்தால் அது பட்டாடைக்குச் சமம். உடுத்திக்கொள்ளத்தான் முடியாது.

உடுத்தவும் படுக்கவும் எங்களுக்கு இருந்தது அரை வீடு. நானும் என் மனைவியும் வேறு வேறு சாதி. கப்பலேறும்முன் யாரென்று தெரியாது. இங்கே வந்து, ஒரே மலையில் கொழுந்து எடுத்து, ஒன்றாகிவிட்டோம். தாலி கட்டிய அன்று இரண்டு பக்கத்து ஆட்களும் சோறு தின்ன வரவில்லை. கூலியாட்களின் ஒட்டு வீட்டு வரிசையான பழைய லயத்தில் எந்தக் கதவும் திறக்காதபோது, விடிகாலையில் தப்படித்து ஆட்களை எழுப்பும் அண்ணன் தன் வீட்டின் நடுவே சாக்குப் படுதா ஒன்றைக் கட்டி, "இந்தப் பக்கம் ஒங்களது" என்றார். அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டி நின்றது. மழை வந்தால் சுவர் வியர்க்கும்.

என் மனைவி முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் நாள்.

"எதை வேணும்னாலும் பொறுத்துக்குவேன். இந்தச் சாக்குக்குப் பின்னால கெடந்து, அந்தப் புள்ளைங்க கேக்கக் கேக்கக் கத்திப் பெத்துக்கமாட்டேன். ஒரு கதவு வேணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு கதவு.

அந்த வருஷம்தான் புது லயம் எழும்பிற்று. தகரக் கூரை, பத்து வீடு. ஐந்து பாதையைப் பார்த்து, ஐந்து மலையைப் பார்த்து. முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் நடுவே ஒரே நீளச் சுவர். மழைக்கு முன்னால் ஆட்களைக் குடிவைத்தாகவேண்டும் என்றார் தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரை. கங்காணிக்குத் தூக்கம் போயிற்று. குடிபோக வேண்டியவை எட்டுக் குடும்பம், நாலும் நாலுமாக இரண்டு கட்சி. முனியாண்டி கோவில் பொங்கலில் எந்தக் கட்சியின் கடாவை முதலில் வெட்டுவது என்று கத்திவரைக்கும் போனவர்கள். ஒரு கட்சியின் சுவரை மற்றக் கட்சி தொடக்கூடாது.

முன் வரிசை ஒரு கட்சிக்கு, பின் வரிசை மற்றதுக்கு என்று பிரித்துப் பார்த்தார் கங்காணி.

"பொறத்தாலச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் அடுப்பு எரியும். இந்தப் பக்கம் நான் சாமி படம் மாட்டணுமா?" என்று ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இன்னும் மோசம். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"வாடா, கண்ண மூடி. இத முடிச்சுக் குடு. பத்து வீடு, எட்டுக் குடும்பம். மிச்சம் ரெண்டுல ஒண்ணு ஒனக்கு."

"இன்னொண்ணு தப்படிக்கிற அண்ணனுக்குங்களா?"

"குடுத்தாப் போச்சு. மொதல்ல முடி."

எட்டுக் குடும்பத்தையும் போய்க் கேட்டேன். யாருக்கு என்ன ஆகாது என்று. ஒருவருக்குக் கோழி ஆகாது. ஒருத்திக்குத் தன் மாமியாரே ஆகாது. "அந்தக் கெழவிய கடைசி வீட்டுல போடு தம்பி, நான் இந்தக் கடைசி" என்றாள். சொல்வதற்கு எல்லோரிடமும் நிறைய இருந்தது. உட்காரச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு தலையில் இருந்த மும்முரத்தில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு மலையேறினேன். கவ்வாத்து வெட்டிய மொட்டைச் செடிகளுக்கு நடுவே நின்று கீழே பார்த்தேன். புதுத் தகரம் வெயிலில் மின்னிற்று. கீழே நிற்பவனுக்கு லயம் என்பது ஒரு வரிசைக் கதவு. மேலே நிற்பவனுக்கு அது ஒரு கரும்பு. கங்காணியும் கட்சிக்காரர்களும் அதை நீளவாக்கில் பிளக்கப் பார்த்தார்கள். பிளந்தால் நடுச்சுவர் முழுக்கச் சண்டை. கண்ணை மூடினேன். ஒரு கத்தி அதைக் குறுக்கே நறுக்கிற்று. ஐந்து துண்டு. துண்டுக்கு முன்னொன்று பின்னொன்று, இரண்டு வீடு. இந்தக் கோடியில் இரண்டு துண்டு ஒரு கட்சிக்கு. அந்தக் கோடியில் இரண்டு துண்டு மற்றதுக்கு. நடுத்துண்டின் இரண்டு வீடும் எந்தக் கட்சியும் இல்லாத எங்களுக்கும் அண்ணனுக்கும். ஒரு கட்சியின் சுவர் மற்றக் கட்சியின் சுவரைத் தொடவில்லை. ஒரே கட்சிக்குள்ளேயே கிழவி கோடியில் முன்பக்கம், மருமகள் அடுத்த துண்டில் பின்பக்கம்.

அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, சீ என்று நானே அதட்டிக்கொண்டாலும். ஒரு படம் மனதுக்குள் சரியாக வந்து உட்காரும்போது உலகமே சரியாகிவிட்டது போலிருக்கும். அப்படி எதுவும் ஆவதில்லை. படம்தான் சரியாகிறது.

கங்காணியின் காலடியில் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தொடையில் தட்டிக்கொண்டார். மறுநாள் அதே கோட்டைத் துரையின் பங்களா வாசலில் தன்னுடையதாகப் போட்டுக் காட்டி, துரையின் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கிவந்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கோட்டு அவருக்கு, கதவு எனக்கு.

குடிபோகிற நாளில் பானைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். என் மனைவி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் விளக்கையும் பிடித்திருந்தாள். அண்ணன் தப்பைத் தோளில் மாட்டிப் பின்னால் வந்தார். நடுத்துண்டின் இரண்டு கதவிலும் பூட்டுத் தொங்கிற்று.

கங்காணி கோட்டோடு நின்றிருந்தார். வெயிலில் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"சாமானத் திருப்பிக் கொண்டுபோங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேச்சா வந்து நிக்கிறாங்க. இத்தன வருசத்துல இதுக்குத்தான் ஒத்துமையா வந்திருக்காங்க. ஒரு சுவத்துல தப்படிக்கிறவனாம், ஒரு சுவத்துல சாதி கெட்டவங்களாம். அதுக்குப் பக்கத்துல நாங்க எப்புடிங்க சோறு திங்கிறதுங்கிறாங்க."

"நீங்க வாக்குக் குடுத்தீங்களே ஐயா. கணக்குச் சரியாத்தானே வந்துச்சு."

"கணக்குல தப்பே இல்லடா. நடுவுல ரெண்டு வீடு வேணும், அம்புட்டுத்தான். அதுல ஆளு இருக்கணும்னு கணக்குல எங்க இருக்கு?"

நான் பானையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டேன். காலியான வீடும் சுவரைப் பிரிக்கும். அது பேசாது, சமைக்காது, பெற்றுக்கொள்ளாது. என்னைவிட அது நல்ல விடை.

ஏறி வரும்போது என் மனைவி கேட்டாள்.

"எல்லாரையும் போய்க் கேட்டேன்னீங்க."

"கேட்டேன்."

"யாரு யாருக்கு ஆகாதுன்னா?"

"ஆமா."

"நம்மள யாருக்கு ஆகாதுன்னு கேட்டீங்களா?"

புதிர் போடுகிறவன் நிபந்தனை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவான். புலி ஆட்டைத் தின்னும் என்று ஒளிக்காமல் சொல்வான். எட்டு வாசலில் எட்டுப் பேர் என்னை நிற்கவைத்துப் பேசினார்கள். நிற்கவைத்ததுதான் நிபந்தனை. என் கண்ணுக்கு முன்னாலேயே அது நின்றுகொண்டிருந்தது. கண்ணை மூடிப் பார்க்கிறவனுக்கு அது தெரியவில்லை.

அண்ணன் எங்களை ஆற்றப் பார்த்தார். "விடு தம்பி. காலையில நான் தட்டுனாத்தான் ரெண்டு கட்சியும் எந்திரிக்குது. அந்தச் சத்தம் மட்டும் அவங்க சுவத்தத் தொடலாமாம்." சாக்கை எடுத்து அதே ஆணியில் மறுபடி மாட்டினார்.

பிறகு அந்த இரண்டு வீட்டிலும் கங்காணி தன் ஆடுகளைக் கட்டினார். ஆட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எந்தக் கட்சிக் கடா முந்தி என்று வெட்டிக்கொள்ளப் போனவர்கள், கங்காணி வீட்டுக் கடா தங்கள் பின்சுவரில் முட்டுவதைக் கேட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

கார்த்திகையில் மழை நிற்கவில்லை. வலி எடுத்தது பட்டப்பகலில். அண்ணனின் மனைவிதான் கூட இருந்தாள். ஆண்களும் பிள்ளைகளும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே நின்றோம். பின்சுவரிலிருந்து தண்ணீர் வழிந்து வாசல் வழியாக வெளியே வந்தது; வரவரச் சிவந்து வந்தது. மண்ணா ரத்தமா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் கத்தவில்லை. கத்தமாட்டேன் என்று சொன்னவள் கத்தவே இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து கீழே புது லயத்தின் தகரம் தெரிந்தது. நடு வீட்டில் ஆடு ஒன்று கத்திற்று. நனையாத குரல்.

பெண் பிறந்தாள். அந்த ஈரம் அவள் நெஞ்சில் குடிபோயிற்று. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, மழை பிடித்தால் இன்னும் இழுக்கிறது. என் மனைவி அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

குழந்தை பிறந்த சில நாட்களில் கங்காணி களத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். விறகு எரிந்தது. கோட்டின் பொத்தான்களைப் போட்டிருந்தார்.

"வாடா கண்ண மூடி. புதுக் கணக்கு. மூணு பானை. எட்டுப்படி, அஞ்சுப்படி, மூணுப்படி. எட்டுப்படியில பால் நெறைய இருக்கு, மத்தது ரெண்டும் காலி. வேற அளவு கெடையாது. சரிபாதியாப் பிரிச்சுக் குடுக்கணும். சொல்லு."

கண்ணை மூடினேன். மூடியதுமே வந்துவிட்டது. பானைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பால் எட்டிலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து எட்டுக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் போயிற்று, வந்தது. கடைசியில் இரண்டு பானையில் நாலு நாலாக, அலையடங்கி, வெள்ளையாக நின்றது. அவ்வளவு தெளிவாக ஒரு படம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலிங்க."

"என்னடா, மழையில மூளை நனஞ்சுபோச்சா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். ஆளுக்கொரு விடை சொன்னார்கள், எல்லாம் தப்பு. நான் எழுந்து, பாலைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி மெதுவாக, எங்கள் அரை வீட்டுக்கு ஏறிவந்தேன்.