லெம்பிக்குத் தெரிந்த சத்தம்

குளிர்நாட்டுச் சைமா ஏரியில் மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி இழுத்துச் செல்லும் வேலையில் காலம் தள்ளியவர் கலெர்வோ. ஆள் முன்கோபி. போர் முடிந்து ஊரில் மற்றவர்கள் பசுமாடு வாங்கிய காலத்தில், இவர் படகின் பின்னால் மாட்டும் மோட்டார் ஒன்றை வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், பசு எதிர்க்கரைக்குப் போகாது என்றார். எதிர்க்கரையில் லெம்பி இருந்தாள்.

அந்த மோட்டாருக்கு ஒரு விக்கல் உண்டு. ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்கிவிடும். ஏரியில் எத்தனை மோட்டார் ஓடினாலும் அந்த விக்கல் லெம்பியின் காதுக்குத் தனியாகக் கேட்கும். கலெர்வோ கரைமுனையைத் திரும்புவதற்குள் படகுத்துறைக்கு இறங்கி வந்து நிற்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். வலை எடுத்துவிட்டு வந்தாலும் சரி, கடைக்குப் போய் வந்தாலும் சரி, துறையில் அவள் இருப்பாள். அவர் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இருக்கும்போது யாருக்கு அருமை தெரிகிறது?

கிழவியாகிவிட்ட லெம்பிக்குப் போன குளிர்காலத்தில் அவரை மறந்துபோயிற்று. விறகு வெட்ட வந்த ஆள் என்று எண்ணி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், மரியாதையாக. அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கல்யாணப் படத்தைக் காட்டினார். பையன் லட்சணமாக இருக்கிறான் என்றாள். மீதியிருந்தது மோட்டார் சத்தம் ஒன்றுதான். அதைக் கேட்டாலாவது தன்னைத் தெரியாதா என்ற ஆசையில், ஏரியில் பனிக்கட்டி உருகியதும் மோட்டாரைப் படகில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். தோள் கழன்றதுதான் மிச்சம்.

பெட்ரோல் ஒழுங்காக வந்தது. அப்படியென்றால் கோளாறு நெருப்பில். பிளக்கைக் கழற்றி, வயரோடு மோட்டாரின் இரும்பில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால் அதன் நுனியில் பொறி தெறிக்க வேண்டும். மே மாத வெளிச்சத்தில் பொறி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கோட்டைத் தலைக்கு மேல் போர்த்திக் குனிந்துகொண்டு, பக்கத்து வீட்டு ரெய்னோவைக் கயிறு இழுக்கச் சொன்னார். கோட்டுக்குள் கும்மிருட்டு. புது பிளக் போட்டார், அதே இருட்டு. மோட்டாரை நிறுத்தும் பொத்தானின் வயர் எங்காவது உரசுகிறதோ என்று அதையும் கழற்றிவிட்டுப் பார்த்தார், பலனில்லை.

கடைசியில் மேலிருந்த சுழல்சக்கரத்தைத் தட்டிக் கழற்றினார்கள். உள்ளே பொறியை உண்டாக்கும் பாயின்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் இதை எங்கே வைத்திருந்தாய் என்று ரெய்னோ கேட்டார். சவுனாவில் என்று கலெர்வோ தரையைப் பார்த்துச் சொன்னார்.

கொட்டகைக் கூரை ஒழுகியதால், சவுனா என்னும் நீராவிக் குளியல் குடிலின் உடை மாற்றும் அறைக்கு மோட்டாரைக் கொண்டுபோயிருந்தார். சவுனாவும் தாரும் சாராயமும் தீர்க்காத நோய் சாவில்தான் தீரும் என்று சொல்கிற ஊர் அது. மனிதனுக்கு ஆவது மோட்டாருக்கு ஆகாதா என்று நினைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் கதவிடுக்கு வழியாக வந்த நீராவி மோட்டாருக்குள் குடியேறிவிட்டது. போதாததற்கு, லெம்பி ஈரத் துண்டை அதன் தலையில்தான் காயப்போடுவாள்.

"ஊரே சவுனால குளிச்சுட்டு மோட்டார் ஓட்டும். நீ மோட்டாரையே குளிப்பாட்டிட்டியேப்பா" என்றார் ரெய்னோ.

வேறு நாளாக இருந்தால் கலெர்வோ அவரை ஏரியில் தள்ளியிருப்பார். அன்று உப்புத்தாளால் பாயின்ட்டைத் தேய்த்தார். சவரத் தகடுகளை அடுக்கி வைத்து அளந்து அதன் இடைவெளியைச் சரிசெய்தார். மறுபடி கோட்டுக்குள் தலையை விட்டார். பொறி இல்லை. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. உள்ளிருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோயிருந்தால் இந்தக் கிழட்டு மோட்டாருக்கு மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்காது. பிறகுதான் தன் விரல்களைப் பார்த்தார். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சக்கரத்தை மறுபடி கழற்றி, சுத்தமான அட்டைத் துண்டு ஒன்றைப் பாயின்ட்டின் நடுவே விட்டு இழுத்துத் துடைத்தார்.

இந்த முறை நீலமாக ஒரு பொறி தெறித்தது. கோட்டுக்குள் அவர் அழுததை ரெய்னோ பார்க்கவில்லை.

பிளக்கைப் பூட்டி இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. பழுது பார்த்ததில் விக்கல் போயிருக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு துடிப்பை விழுங்கியது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக் கதவு திறந்தது. லெம்பி தலைமுடியை ஒதுக்கியபடி வேகமாகத் துறைக்கு இறங்கி வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு. கலெர்வோவின் எதிரில் வந்து நின்றாள்.

"ஐயா, உங்க படகக் கொஞ்சம் எடுத்துக்குங்க. எங்க கலெர்வோ வர்றான். சத்தம் கேக்குதுல்ல?"

ரெய்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலெர்வோ படகின் கட்டுக்கயிற்றை அவிழ்த்தார். "சரிம்மா, எடுத்துடறேன்" என்று சொல்லிப் படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

கரைமுனையைத் தாண்டிப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகைத் திருப்பினார். மறுபடி முனையைக் கடந்து வந்தபோது அவள் துறையின் நுனியில் நின்றிருந்தாள். படகு பக்கத்தில் வந்ததும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"மோட்டார் மக்கர் பண்ணிடுச்சு, லெம்பி" என்றார் கலெர்வோ.