ஆணியில் தொங்கிய புத்தகம்

அவரை யாரும் எழுத்தாளர் என்று கூப்பிட்டதில்லை. 'பிரிட்ஜ் அண்ணன்' என்றால்தான் தெரியும். முப்பது வருடம் பழுதான பிரிட்ஜ்களின் முதுகைப் பார்த்தே பிழைத்த மனுஷன், கற்ற வித்தையையெல்லாம் புத்தகமாக எழுதினார். பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. கைக்காசு போடச் சொல்லவில்லை, பிழை திருத்தினார்கள், அட்டையும் அழகு. விற்கிற பிரதிக்குப் பத்து சதவீதம் ராயல்டி, வருடத்துக்கு ஒருமுறை.

முதல் வருடம் விற்றது நாற்பத்தொரு பிரதி. யானைப் பசிக்குச் சோளப்பொரி! புத்தகக் கடையில் கவிதைகளுக்கு நடுவே அது முழித்துக்கொண்டு நின்றதை அவரே போய்ப் பார்த்தார். எந்த மெக்கானிக் அங்கே வருவான்?

"அடுத்ததுக்குச் சுருள் கம்பி பைண்டிங் போடுங்க தம்பி. எண்ணெய்க் கையால தொட்டாலும் துடைக்கிற மாதிரி தாளா இருக்கட்டும்."

"புத்தகம்னா அலமாரியில நிக்கணும்ணே," என்றார் பதிப்பாளர்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது புத்தகத்தைச் சுருள் கம்பி போட்டே சொந்தச் செலவில் அச்சடித்தார். சேமிப்பு மொத்தமும் ஐந்நூறு பிரதிகளாகி, மனைவி துணி தைக்கும் அறையில் வந்து இறங்கியது. அவள் மிஷின் முன்னால் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது.

"மூணு மாசம் டைம். அப்புறமும் இங்கயே கிடந்துச்சுன்னா பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டுருவேன்."

விற்காவிட்டால் காசும் போச்சு, மானமும் போச்சு. வண்டியில் கட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைகளாக ஏறி இறங்கினார். வைக்க இடமில்லை என்று கைவிரித்தார்கள். அண்ணன் வாதாடவில்லை. ரப்பர் வளையங்கள் தொங்கிய ஆணியிலேயே சுருள் கம்பியை மாட்டிவிட்டு வந்தார்.

ஸ்க்ரூ வாங்க வந்தவனெல்லாம் புரட்டிப் பார்த்தான். இரண்டே மாதத்தில் அறை காலி. அச்சுச் செலவும் கடைக்காரர் பங்கும் போக நின்றது, அந்த ராயல்டியைப் போல அறுபது மடங்கு.

பதிப்பாளர் போன் செய்தார். "இதையும் நாங்களே போட்டுடுறோம்ணே. அதே பத்து சதவீதம்."

"நானே போட்டுக்குறேன் தம்பி. நீங்க வித்துக் குடுங்க, பத்து சதவீதம் உங்களுக்கு!"

இருவருமே சிரித்துவிட்டார்கள்.

அடுத்த ஆயிரம் பிரதிகளோடு அண்ணன் பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தார். தையல் மிஷின் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. அவளே தள்ளி வைத்திருக்கிறாள். துணி கொடுக்க வந்த பெண், காலியாகக் கிடந்த அறையைக் கைகாட்டி ஏதோ கேட்டாள்.

"அதுவா?" என்றாள் மனைவி, தையலை நிறுத்தாமல். "எங்க வீட்டு எழுத்தாளரோட ரூம்."