தண்ணீருக்கு ஒரு ப்ரூஃப்

“என் பேரைப் போட்டு ஒரு மோசமான படம் இந்த உலகத்துல எங்கயாவது இருக்குன்னு யாராவது காட்டட்டும். அன்னிலேர்ந்து கேமராவைத் தொடறதையே விட்டுடறேன்.”

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், தண்ணீர் வராத குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒழுகல் ஆய்வாளர் ஒருநாள் இப்படிச் சூளுரைத்தார். சபையில் இருந்தது மூன்றே பேர். அதில் ஒருவர் சோப்புக் கையோடு தண்ணீருக்காகக் காத்திருந்தவர். நகர முடியாததால் கேட்டவர். ஆனாலும் சூளுரை சூளுரைதான். மறுநாளே அலுவலகம் அவருக்கு ‘ஃபோகஸ்’ என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர் அது. அவர் அதை விருதாக வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு அடியில் ஓடும் குழாய்கள் எங்கே ஒழுகுகின்றன என்று கண்டுபிடித்துப் படம் எடுத்துக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். படம் இருந்தால்தான் பொறியாளர் சாலையை வெட்ட உத்தரவு போடுவார். படம் இல்லாத ஒழுகல், அலுவலகத்தைப் பொறுத்தவரை, ஒழுகலே அல்ல. அதுவும் போனில் எடுத்த படம் செல்லாது. முன்பு ஒரு புண்ணியவான் ஒரே ஒழுகலின் படத்தை மூன்று தெருக்களுக்கு அனுப்பி மூன்று தெருவையும் வெட்ட வைத்ததிலிருந்து, அலுவலகக் கேமராவில் எடுத்து, எடுத்தவர் பெயர் எழுதிய படம் மட்டுமே சாட்சியாக ஏற்கப்படும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட அலுவலகக் கேமரா ஒருநாள் காலமானது. எப்படி என்று விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை; ஒரு மேஜை விசிறி சம்பந்தப்பட்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்க அனுமதி கிடைத்தது. கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று, கொஞ்சம் பழைய மாடல் டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடி அலமாரியில் வெகுநாளாக யாரும் சீண்டாமல் இருந்தது. நீண்ட லென்ஸையும் சேர்த்துச் சல்லிசாகத் தருகிறேன் என்றார். இன்னொன்று சோப்புப் பெட்டி அளவில், ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா. கீழே விழுந்தாலும் உடையாது, தண்ணீருக்குள் முக்கினாலும் வேலை செய்யும். அலுவலகம் முன்னதைப் ‘பெரிசு’ என்றும் பின்னதைப் ‘பொடிசு’ என்றும் அழைக்கத் தொடங்கியது. எது வேண்டும் என்று ஃபோகஸ் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் சோறு தண்ணி மறந்தார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கடைக்காரர் கொடுத்த இரண்டு விளம்பரத் தாள்களையும் தட்டுக்கு இருபுறமும் விரித்துவைத்து, ஒரு கவளத்துக்கு இடது, ஒரு கவளத்துக்கு வலது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுல எடுத்தாலும் குழாய் குழாயாத்தானே விழும்?” என்றாள் மனைவி.

“தெரியாம பேசாத. பொடிசுல உள்ள இருக்கற சென்சார் சுண்டுவிரல் நகம் சைஸ். இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா அடிக்கும். பெரிசுன்னா பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே மங்கி, முன்னாடி இருக்கறது மட்டும் பளிச்சுனு நிக்கும்.”

“குழாய்க்குப் பின்னாடி என்னங்க இருக்கு, மங்கறதுக்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மண்ணு.”

“மண்ணு மங்கலா தெரியணும்னு ரெண்டு வாரமா சோத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நல்லா இருக்குங்க.” தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதை அவரே கவனிக்கவில்லை.

இந்த மகத்தான ஆராய்ச்சிக்கு நடுவில்தான் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

ஃபோகஸின் அக்கா இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். கீழ்த்தளத்தில் ஒரே அறை. மூன்று மிஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரெல்லாம் தொங்கும் துணி. கணவர் போன பிறகு அந்த அறைதான் அவருக்குச் சோறு. அந்த அறையின் தெருப்பக்கச் சுவர் இப்போது வியர்க்க ஆரம்பித்திருந்தது. தரையோரம் தண்ணீர் கசிந்து, மிஷின் கால்களைச் சுற்றித் தேங்கி நின்றது. சுவரில் குறுக்காக ஒரு விரிசல், ஜன்னலை நோக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“தொட்டுப் பாருடா. உன் தொழில்தானே, தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமானது.

“வெள்ளைத் துணி கொடுத்தேன், பச்சைப் புள்ளி போட்டுத் தர்றியேன்னு ஒரு அம்மா வந்து கேக்குது. நான் என்னன்னு சொல்ல? டிசைன் ஃப்ரீன்னா?”

“மெயின் குழாய்தான்க்கா. வாசல்ல இருக்கே, அந்த வால்வுக் குழிக்குள்ளதான் இருக்கணும்.”

“இருக்கணும்னு எனக்கும் தெரியும். மேலிடத்துக்குச் சொல்லு.”

மேலிடம் அன்றே வந்தது. பொறியாளர் இளவயதுப் பெண். சட்டத்தைத் தவிர வேறு எதற்கும் இரங்காதவர் என்று பெயர். அவர் சுவரைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், வாசலில் இருந்த வால்வுக் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். உள்ளே கலங்கல் தண்ணீர் கழுத்தளவுக்கு நின்றது.

“உங்க வீட்டு லைன்லகூட உடைஞ்சிருக்கலாம்மா. அப்படின்னா கடைத் தரையை நீங்கதான் உங்க செலவுல வெட்டிப் பாக்கணும். மெயின்ல ஒழுகுதுன்னு சொல்றதுக்கு ப்ரூஃப் வேணும்.”

“செருப்பு மிதக்குது பாருங்க. இது ப்ரூஃப் இல்லையா?”

“இது தண்ணி இருக்குன்னு ப்ரூஃப்மா. எங்கிருந்து வருதுன்னு ப்ரூஃப் இல்ல.”

“குழியை இறைச்சுட்டுப் பாருங்களேன்.”

“இறைக்க இறைக்க ரொம்பும். மெயினை நிறுத்திட்டு இறைச்சா ஒழுகறதும் நின்னுடும், படத்துல ஒண்ணும் தெரியாது.” பொறியாளர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். “வர்ற வாரம் இந்தத் தெருவுக்குப் புதுசா தார் போடறாங்க. போட்டுட்டா அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு வெட்ட விடமாட்டாங்க. அதுக்குள்ள கொடுத்துடுங்க சார்.”

அக்கா தம்பியைப் பார்த்தார். சுவர் இரண்டு வருஷம் தாங்காது என்பதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை.

“என்னடா முழிக்கற? எந்தக் கேமரா தண்ணிக்குள்ள போகுமோ அதை வாங்கு. இதுக்கு ஒரு யோசனையா?”

யோசனை இருக்கத்தான் செய்தது. மறுநாள் காலை ஃபோகஸ் கணக்கரின் மேஜை முன்னால் நின்றபோது அவர் நீட்டிய தாளில், ‘பெரிசு கலைக்கு ஏற்றது, பொடிசு களத்துக்கு ஏற்றது, மேலிடம் முடிவு செய்க’ என்ற கருத்து நல்ல கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. சோப்புப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் காட்சியை அவரால் சகிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே பழி வேறு யார் தலையிலாவது விழட்டும் என்று வழிசெய்தார்.

கணக்கர் ஓய்வுக்குச் சிறிது காலமே இருந்த பெரியவர். தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார்.

“தம்பி, இந்தப் பொடிசை வாட்டர் ப்ரூஃப் கேமரான்னு போட்டிருக்கு.”

“ஆமா சார்.”

“பெரிசுல தண்ணியைப் படம் எடுத்தா விழாதா?”

“அருமையா விழும் சார்.”

“அப்ப தண்ணிக்கு ப்ரூஃப் ஆகும்ல?”

“ஆகும் சார், ஆனா...”

“அட்ரஸ் ப்ரூஃப், ஏஜ் ப்ரூஃப், சம்பள ப்ரூஃப் எல்லாத்தையும் கீழ இருக்கற ஒரே ஜெராக்ஸ் மிஷின்லதானே எடுக்கறோம்? அட்ரஸ் ப்ரூஃபுக்குத் தனி மிஷின் கேட்டோமா? வாட்டர் ப்ரூஃபுக்கு மட்டும் எதுக்குத் தனிக் கேமரா?”

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியம் ஃபோகஸின் தொண்டை வரை வந்தது; அங்கிருந்து லென்ஸின் நீளத்தை நினைத்துப் பார்த்தது; திரும்பி உள்ளே போய்விட்டது.

“நீங்க சொல்றதும் சரிதான் சார்” என்றார்.

பெரிசு வந்தது. ஃபோகஸ் அதைக் கைக்குழந்தைபோல் துண்டில் சுற்றி அக்கா வாசலுக்குக் கொண்டுவந்தார். மூடி திறக்கப்பட்டது. அவர் குழிக்கு இரண்டடி தள்ளி நின்றார்; தெறித்தால் லென்ஸில் படும். பிறகு மண்டியிட்டார், சாய்ந்தார், தரையில் படுத்தார். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தார். போன மேகத்துக்குப் பதில் இன்னொன்று வந்ததும் அதற்காகவும் காத்திருந்தார். பிடிக்காத படங்களை அங்கேயே அழித்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“குழாயை எடுக்கறியா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்க ஃபோட்டோ எடுக்கறியா?”

“கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுக்கா.”

எடுத்த படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. குழிக்குள் இறங்கும் துருப்பிடித்த இரும்புப் படியின் விளிம்பில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் எல்லாம் வெல்வெட் மாதிரி மங்கியிருந்தது. பொறியாளர் அதை நெடுநேரம் பார்த்தார். ஃபோகஸுக்கு உச்சி குளிர்ந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு சார். ஒழுகல் எங்க இருக்கு?”

“அது பின்னாடி மேடம். அந்த மங்கலுக்குள்ள.”

பொறியாளர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் ஃபோகஸ் அக்காவின் கடைக்குப் போனார். அக்கா துணிகளை இறக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மிஷின் ஏற்கெனவே மேஜைமேல் ஏற்றப்பட்டிருந்தது. விரிசல் ஜன்னல் சட்டத்தைத் தொட்டுவிட்டது. சட்டம் கோணி, கதவு மூடவில்லை.

“எங்கக்கா போற?”

“போற இடம் எங்க இருக்கு? விழும்போது துணியாவது தப்பட்டும்னு கட்டறேன். ஊரான் வீட்டுத் துணி.” முடிச்சை இறுக்கினார். “அந்தத் துளி படம் நல்லா இருந்துச்சுடா. நிஜமாத்தான் சொல்றேன்.”

இதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் ஃபோகஸ் பெரிசைப் பெட்டியில் போட்டு, கணக்கர் மேஜைமேல் வைத்தார்.

“சார், இதைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பொடிசை வாங்கணும். வாட்டர் ப்ரூஃப்னா தண்ணிக்கு சாட்சின்னு அர்த்தம் இல்ல சார். தண்ணி உள்ள போகாதுன்னு அர்த்தம்.”

“அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லியிருக்கணும். தெரிஞ்சேதான் சொல்லல.”

கணக்கர் அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: “சரிப்பா, தண்ணி உள்ள போகாதுன்னா, தண்ணிக்கு உள்ள இருக்கறது மட்டும் எப்படிப்பா உள்ள போகும்?”

இதை விளக்குவதற்குள் மதியம் ஆகிவிட்டது. கடைக்காரர் முணுமுணுத்தபடி மாற்றிக்கொடுத்தார். தெருமுனையில் தார்க் கொதிகலன் வந்து இறங்கியிருந்தது.

குழியை முன்கூட்டியே திறந்துவைத்து, மூச்சு முட்டாதபடி காற்றாட விட்டார்கள். இடுப்பில் கயிறு, மறுமுனை இரண்டு பணியாளர்கள் கையில். ஃபோகஸ் வாசல்படியில் உட்கார்ந்து பொடிசின் பின்கதவைத் திறந்து ரப்பர் வளையத்தைத் துடைத்தார்.

“இதுல ஒரு நூல் பிசிறு இருந்தாலும் போச்சுக்கா, தண்ணி உள்ள போயிடும்.”

“தையக்கடை வாசல்ல உக்காந்துக்கிட்டு நூல் பிசிறு இருக்கக் கூடாதுங்கறான்! உன்னோட ஒரே ரோதனைடா. கொடு இப்படி.” அக்கா கேமராவைப் பிடுங்கி, வெளிச்சத்துக்குக் காட்டி, வளையத்திலிருந்து ஒரு நீல இழையை நகத்தால் எடுத்து எறிந்தார். பிறகு கதவை அவரே அழுத்தி மூடினார், சத்தம் கேட்கும்வரை.

ஃபோகஸ் படியில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தண்ணீர் சில்லென்று இருந்தது. சேறு கணுக்காலைக் கவ்வியது. குழாய் இணைப்பு, படிக்குப் பின்னால், அடியில். கையைத் தோள்வரை முக்கித் துழாவினார். ஓரிடத்தில் தண்ணீர் அவர் விரல்களைத் தள்ளியது. திரையைப் பார்க்க முடியாது, தூரத்தை அளக்க முடியாது, மேகம் விலகக் காத்திருக்க முடியாது. கன்னத்தைக் குழிச் சுவரில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, தள்ளுகிற இடத்தை நோக்கிக் கேமராவை நீட்டி அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வாய்க்குள் தண்ணீர் போனதும் மேலே இழுத்தார்கள்.

வாசல்படியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து பார்த்தார். முதல் படம் சேறு. அடுத்ததும் சேறு. ஒன்றே ஒன்றில் மட்டும், ஒருக்களித்துச் சாய்ந்து, பச்சையாய், குழாய் இணைப்பு தெரிந்தது. அதன் இடுக்கிலிருந்து தண்ணீர் வெள்ளையாய்ச் சீறிக்கொண்டிருந்தது. புள்ளி புள்ளியாக அடித்திருந்தது. கால்வாசிப் படத்தை அவருடைய கட்டைவிரலே பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு கிழங்கு மாதிரி.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இது என்னடா?”

“என் விரல்.”

“அது தெரியுது. அந்த வெள்ளை?”

“அதான்க்கா ஒழுகல்.”

பொறியாளர் அச்சுப் போட்ட படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து சாலை வெட்டும் உத்தரவை எடுத்தார். தார் வேலைக்காரர்களுக்குப் போன் போட்டு அந்த வாசலை மட்டும் விட்டுவிடச் சொன்னார். பிறகு படத்தை ஃபோகஸ் பக்கம் நகர்த்தினார்.

“பேர் எழுதலையே சார்.”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். படத்தில் எழுதுவதற்குத் தெளிவாக இருந்த இடம் கட்டைவிரல் மட்டும்தான். அதன்மேல், யாரும் வாசிக்கும்படி முழுசாக, தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.