எதுவும் கொட்டவில்லை என்று சொன்ன கஸ்டமர்

இருபது வருஷமாக நான் பார்த்த வேலை இதுதான்: சென்னையில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்களின் புலம்பலைக் கேட்பது. முதல் கேள்வி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" இரண்டாவது, "மேல ஏதாவது கொட்டிச்சா?" இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வந்ததே இல்லை. எல்லோரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்கள். நாலு நாள் கழித்து மெஷின் வந்து சேரும், உள்ளே பாயசம் இருக்கும். கஸ்டமர் பொய் சொல்வார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

போன வருஷம் கம்பெனி எங்களில் பாதிப் பேரைக் கும்பிடு போட்டு வீட்டுக்கு அனுப்பியது. சில மாதங்கள் திருத்தணி வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பிறகு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று பெங்களூரில் வேலை, தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும். இன்னொன்று வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. அதற்கு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோ இன்டர்வியூ என்று திங்கட்கிழமை மெயில் வந்தது. என் லேப்டாப் திரையை அவர்களுக்குக் காட்டியபடியே ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டுமாம், போனில் பேசிச் சமாளிக்க முடியாது. நாற்பத்தெட்டு வயதில் பொண்டாட்டியை இங்கே விட்டுவிட்டுப் பெங்களூரில் தோசைக்கல் வாங்குவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தேன். திரை மினுக் மினுக் என்று கண்ணடித்தது.

ஆஃப் செய்து ஆன் செய்தேன், அது தொழில் தர்மம். அப்போதும் கண்ணடித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். மற்றதெல்லாம் மினுக்கி அது மட்டும் சும்மா இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமின் வேலை, அதுவும் சேர்ந்து மினுக்கினால் திரையை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் மேல் சந்தேகப்பட வேண்டும். அதுவும் சேர்ந்தே ஆடியது. டிரைவரைப் புதுப்பித்தேன், பழையதைத் திரும்பப் போட்டேன், இரண்டையும் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கடைசியில் ஹாலிலிருந்த டிவியில் கேபிளைச் செருகினேன். டிவியில் படம் கல் மாதிரி நின்றது. லேப்டாப் மூடியை லேசாகச் சாய்த்தால் அதன் திரை செத்தது, நிமிர்த்தினால் பிழைத்தது. அப்படியானால் மூடி மடங்குகிற கீல் வழியாகப் போகும் கேபிளில்தான் கோளாறு. டிவியில் பார்த்தே பேசிவிடலாம் என்றால் கேமராவின் ஒயரும் அதே கீல் வழியாகத்தான் போகிறது, அதுவும் சேர்ந்து செத்தது.

என் மனைவி ஆர்.கே.பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே, "தம்பிகிட்ட குட்த்து பாக்கறது தானே" என்றாள். அவள் தம்பி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போவதா? இருபது வருஷ அனுபவம் என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தியவன் நான். ஒரு நாள் முழுக்க வீறாப்பாக இருந்துவிட்டு, வியாழக்கிழமை காலை லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

மச்சானுக்கு நான் 'பாவா', அதாவது அக்கா புருஷன். மூடியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான். "இன்னா பாவா, மேல எதனா கொட்டிகிச்சா?"

"இல்லயே" என்றேன். கண் கூட இமைக்கவில்லை.

ஊசி மாதிரி இருந்த திருகுகளைக் கழற்றிக் கீல் பக்கத்துச் சட்டத்தைப் பெயர்த்தான். உள்ளே கேபிளைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"பாவா, சந்தனம்! கரைச்சி ஊத்தின மாதிரி உள்ள வரைக்கும் எறங்கிகீது. அக்கா வேலயாதான் இருக்கும், இன்னா சொல்றீங்க?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயுத பூஜை வந்தால் என் மனைவி மிக்ஸி, ஸ்கூட்டர், கேஸ் சிலிண்டர், டிவி ரிமோட் என்று எதையும் விடாமல் பொட்டு வைப்பாள். லேப்டாப் பக்கம் வரக்கூடாது என்று நான் வருஷா வருஷம் சட்டம் போடுவேன், மூடநம்பிக்கை பற்றி ஒரு பாட்டம் பேசவும் செய்வேன்.

"ஆங், இருக்கும்" என்றேன்.

அவன் உடனே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நல்லவேளையா கெட்டவேளையா, அவளுக்கு இன்டர்வெல். "அக்கா, பாவா லேப்டாப்புக்கு சந்தனம் வெச்சியா?"

"நான் ஏன்டா வெக்கறேன்? வீட்ல கீறதே கிருத்திகைக்கி முருகன் மலையில குட்க்கற சந்தனம்தான், அத நாம நெத்திக்கே வெக்க மாட்டோம். தண்ணில கரைச்சி குடிக்கறது, அது மருந்து. இந்த ஊர்ல பொறந்த எவனும் அத எதுமேலயும் பூச மாட்டான். பூசினவன் வெளியூர்க்காரன்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மணவூர்க்காரன். ரயிலில் கொஞ்ச தூரம்தான், ஆனால் இந்த விஷயத்தில் அமெரிக்கா.

இதுவரை உங்களிடமும்தான் மறைத்திருக்கிறேன். மெயில் வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, கிருத்திகை. மனைவி பள்ளிக்கூடம் போனதும், லேப்டாப்பைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன். முருகன் முன்னால் நின்று என்ன கேட்டேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பெங்களூர் வேண்டாம் என்று கேட்டேன். கையில் விழுந்த சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூடி மேல் வைத்தால் மனைவி பார்த்துவிடுவாள் என்று, கீல் இடுக்கில் விரலால் அப்பினேன். சாயங்காலம் முழங்கால் வலிக்கிறது என்றேன். வாயு என்று அவள் பூண்டு வறுத்துக் கொடுத்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. போன் கட் ஆனது.

மச்சான் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் துடைத்துத் துடைத்துப் பொருக்கை எடுத்தான். கேபிள் முனையைக் கழற்றிக் காயவைத்துத் திரும்பச் செருகினான். திரை அசையாமல் நின்றது. "மூடிய ரொம்ப ஆட்டாதீங்க பாவா" என்றதோடு சரி.

சாயங்காலம் அவள் வந்தாள். கைப்பையை மாட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் அவள் மேல் பழியைப் போட்டதைத் தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருப்பான். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாங்க? நான் இன்னா இன்டர்வியூவா எடுக்கறேன்?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றேன். "இப்பவும் இருக்கு." கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நிம்மதியாக இருந்தது, ஏன் முன்னமே சொல்லவில்லை என்று எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். பத்தே முக்காலுக்கு ஒரு டம்ளரை நீட்டினாள். மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர். "உள்ள போவணும். வெளிய இல்ல." பகுத்தறிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் குடித்தேன். கசந்தது.

இன்டர்வியூவில் மூன்று பேர். அண்மையில் உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போன பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் நடுவில் இருந்த அம்மாள். எதையாவது புளுகலாம் என்று வாய் வரை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்பது தெரியும். சந்தனத்தைச் சொன்னேன். கஸ்டமர் பொய் சொன்னார், அந்தக் கஸ்டமர் நான்தான் என்றேன். மூவரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

முதல் வாரமே ஒரு கால் வந்தது. சேலம் பக்கத்திலிருந்து ஒரு பெண். திரை மினுக்குகிறது, நாளைக்கு மகளுக்கு ஆன்லைன் பரீட்சை என்று மூன்று முறை சொன்னார். மூடியைச் சாய்க்கச் சொன்னேன், நிமிர்த்தச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இல்லவே இல்லைங்க சார், ஒண்ணும் கொட்டல."

"சரிங்கம்மா. என் லேப்டாப்லயும் ஒண்ணும் கொட்டல. பயத்துல நானே சந்தனத்தக் குழைச்சி அப்பிட்டேன், வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரசம், சார்" என்றார்.